நகல் எடுக்கும் முன்பே புதுப்பிக்கும் வழி

சென்னையை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே இடம் மாறின. அந்த ஆண்டு நவம்பரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கித் தன் சர்வரில் ஏற்றிவிட்டு, அதன்பின் தொடாமலே விட்டிருக்கும் ஒரு செயலி, மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியவரை இன்றும் கோயம்பேட்டுக்கே அனுப்பும். அந்த நகலில் தவறு என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது. எடுத்த நாளில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே அது காட்டுகிறது. ஊர் மாறியது, நகல் மாறவில்லை என்பதுதான் குறை. இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது. பழைய தரவு எந்தப் பிழைச் செய்தியையும் காட்டாது. வரைபடம் எப்போதும்போல அழகாகத் திரையில் வரும். பயணிதான் தவறான இடத்தில் போய் நிற்பார்.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: புதுப்பிக்கும் வழியை முதலில் தீர்மானியுங்கள், அதன் பிறகு நகல் எடுங்கள். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் தரவை இறக்குகிறோம், டேட்டாபேஸில் ஏற்றுகிறோம், வரைபடம் திரையில் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு புறவழிச் சாலை இல்லையே என்று கேட்கும்போதுதான் புதுப்பிப்பு நினைவுக்கு வருகிறது. அதற்குள் சில கதவுகள் மூடிப்போயிருக்கும். எவை, ஏன் மூடுகின்றன, திறந்தே வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நகல் யாருக்குத் தேவை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் தொடங்கியது. உலகெங்கும் தன்னார்வலர்கள் சாலை, கட்டடம், ஏரி, கோயில், பேருந்து நிறுத்தம் என்று குறித்துவரும் தரவு அது. 2012 செப்டம்பர் முதல் ஓடிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் வெளிவருகிறது. பங்களிப்பாளர்களுக்கு உரிய நன்றியை வரைபடத்திலேயே தெரியும்படி குறித்தால் யாரும் பயன்படுத்தலாம். தரவை மேம்படுத்தி அந்தத் தரவுத் தொகுப்பைப் பொதுவில் விட்டால் அதே உரிமத்தில் விட வேண்டும். இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதை ஏன் நகலெடுத்து வைக்க வேண்டும், நேராகவே பயன்படுத்தலாமே என்று தோன்றுவது இயல்பு. அந்தத் திட்டத்தின் சர்வர்கள் நன்கொடையில் இயங்குகின்றன. அவற்றின் முதல் கடமை வரைபடத்தைத் திருத்துகிறவர்களுக்கு உதவுவது. திருத்துவதற்கான இடைமுகத்தில் ஒரே அழைப்பில் 50,000 புள்ளிகளுக்கு மேல் கேட்க முடியாது. பொது டைல் சர்வரிலிருந்து வரைபடத் துண்டுகளை மொத்தமாக இறக்கிக்கொள்வதும் அனுமதிக்கப்படுவதில்லை. பார்சல் நிறுவனம், நகராட்சி அலுவலகம், கல்லூரி ஆய்வுக்கூடம், இணையம் எட்டாத இடங்களில் வேலை செய்யும் களப்பணியாளர் குழு ஆகிய எல்லோருக்கும் சொந்த நகல்தான் முறையான வழி. ஆனால் நகலைச் சொந்தமாக்கிக்கொள்ளும்போது அதைப் புதிதாக வைத்திருக்கும் பொறுப்பும் சொந்தமாகிவிடுகிறது. பொது சர்வர் நமக்காகச் செய்துகொண்டிருந்த வேலை அது.

மாற்றம் வந்து சேரும் விதம்

முழு உலகத் தரவு ‘பிளானட்’ என்ற பெயரில் வாரம் ஒருமுறை ஒரே கோப்பாக வெளிவருகிறது. சுருக்கிய வடிவத்திலேயே அது 80 ஜிபியைத் தாண்டுகிறது. உலகம் முழுவதும் வேண்டாதவர்களுக்கு, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள ஜியோஃபேப்ரிக் நிறுவனம் நாடு வாரியாகவும் பகுதி வாரியாகவும் வெட்டிய கோப்புகளைத் தினமும் இலவசமாக வெளியிடுகிறது. இந்தியா முழுவதற்குமான கோப்பும், தமிழ்நாடு அடங்கிய தென் மண்டலக் கோப்பும், இலங்கைக்கான தனிக் கோப்பும் அங்கே கிடைக்கின்றன. இவற்றோடு ‘மாற்றக் கோப்பு’ என்ற இன்னொரு வகையும் வருகிறது. கடந்த கோப்புக்குப் பின் புதிதாகச் சேர்ந்தவை, திருத்தப்பட்டவை, நீக்கப்பட்டவை ஆகிய மூன்று மட்டுமே அதில் இருக்கும். மூல சர்வர் இதை நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என மூன்று அளவுகளில் வெளியிடுகிறது. கணக்குப் பேரேட்டில் முன்னிருப்பும் அதன் கீழே அன்றன்றைய வரவு செலவும் இருப்பதுபோல, முழுக் கோப்பு முன்னிருப்பு, மாற்றக் கோப்புகள் தினசரிப் பதிவுகள். உலகம் முழுவதற்குமான ஒரு நாள் பதிவு, முழுக் கோப்பின் அளவில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

ஒவ்வொரு மாற்றக் கோப்புக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதனுடன் ‘ஸ்டேட்’ என்ற சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றும் இருக்கும். அதில் முக்கியமான வரிகள் இரண்டே: வரிசை எண், தரவு எந்த நேரம் வரைக்குமானது என்ற குறிப்பு. வரிசை எண் 6123456 என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பூச்சியங்களைச் சேர்த்து ஒன்பது இலக்கமாக்கி மூன்று மூன்றாகப் பிரித்தால் 006, 123, 456. 006 என்ற அடைவுக்குள் 123 என்ற அடைவு, அதற்குள் 456 என்ற கோப்பு: சர்வரில் அது இருக்கும் இடம் இதுதான். உங்கள் நகல் எந்த எண்ணில் நிற்கிறது, சர்வர் எந்த எண்ணுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால், இடையிலுள்ளவற்றை வரிசையாக எடுத்துச் சேர்த்தால் போதும். புதுப்பிப்பின் முழுக் கணக்கும் இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. நேரக் குறிப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஜியோஃபேப்ரிக்கின் தினசரிக் கோப்பு வழக்கமாகப் பொது நேரம் இரவு 8.21 அளவிலான தரவைக் கொண்டது. நமக்கு அது நள்ளிரவு தாண்டி 1.51. அதன்பின் வெட்டித் தயாரித்து வெளியிடச் சில மணி நேரம் ஆகும். எனவே நள்ளிரவில் புதுப்பிக்கும்படி நேரம் குறித்து வைத்தால் தினமும் ஒரு நாள் பின்தங்கிய கோப்புதான் கிடைக்கும். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு வைப்பது நல்லது.

ஏற்றும்போதே மூடிவிடும் கதவுகள்

வழியை முதலில் தீர்மானிக்கச் சொல்வதற்கு வலுவான காரணம், இந்தத் தரவின் உள்கட்டமைப்பு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மூன்றே வகைப் பொருள்கள்தான்: நோட் எனப்படும் புள்ளி, வே எனப்படும் கோடு, ரிலேஷன் எனப்படும் தொகுப்பு. அட்ச, தீர்க்க ரேகை எண்கள் புள்ளியிடம் மட்டுமே உண்டு. ஒரு சாலை என்ற கோடு, தான் எந்தெந்தப் புள்ளிகள் வழியாகப் போகிறது என்ற அடையாள எண்களின் பட்டியலை மட்டும் வைத்திருக்கிறது. இப்போது ஒருவர் சாலையின் ஒரு வளைவைச் சரிசெய்கிறார் என்று கொள்வோம். அவர் நகர்த்துவது இரண்டு மூன்று புள்ளிகளை. மாற்றக் கோப்பில் அந்தப் புள்ளிகள் மட்டுமே வரும்; சாலை வராது, ஏனென்றால் சாலையின் பட்டியல் மாறவில்லை. அந்தப் புள்ளிகளை எந்தச் சாலை பயன்படுத்துகிறது என்று கண்டுபிடித்து அதன் வடிவத்தைத் திரும்ப வரைவது நம் டேட்டாபேஸின் வேலை. அதற்கு எல்லாப் புள்ளிகளையும், எல்லாக் கோடுகளின் பட்டியல்களையும் அது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வரைபடத் தரவை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றப் பரவலாகப் பயன்படும் நிரல் ஓஎஸ்எம்2பிஜிஎஸ்கியூஎல். அதில் ‘ஸ்லிம்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து ஏற்றினால்தான் இந்த இடைநிலை அட்டவணைகள் டேட்டாபேஸில் தங்கும். கொடுக்காவிட்டால் வரைபடம் வரைவதற்கான அட்டவணைகள் மட்டும் மிஞ்சும். ‘டிராப்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் இடைநிலை அட்டவணைகள் ஏற்றி முடித்ததும் அழிக்கப்படும். டிஸ்க் இடம் கணிசமாக மிச்சமாகும் என்பதால் இந்த இரண்டும் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அப்படி ஏற்றிய டேட்டாபேஸில் ஒரே ஒரு மாற்றக் கோப்பைக்கூடப் பிறகு சேர்க்க முடியாது. முழுவதையும் அழித்து மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி. இது பழுது அல்ல. ஏற்றும் அன்று நாம் அறியாமல் எடுத்த முடிவின் விளைவு. மறுபுறம், உலகம் முழுவதையும் ஏற்றுகிறவர்களுக்காக உள்ள தனிப் புள்ளிக் கோப்பு முறையைத் தென் மண்டலத்துக்கும் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோப்பு புள்ளிகளின் அடையாள எண்ணை வைத்தே இடம் ஒதுக்குகிறது. எண்கள் 1,200 கோடியைத் தாண்டிவிட்டன, ஒவ்வொன்றுக்கும் 8 பைட். உங்களிடம் இருப்பது தமிழ்நாடு மட்டுமே ஆனாலும் கோப்பு 100 ஜிபி அளவுக்கு விரியும். சிறு பகுதிகளுக்கு அது வேண்டாம்.

இரண்டாவது கதவு கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது. ஜியோஃபேப்ரிக் தரும் கோப்பின் தலைப்பில் மூன்று குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும்: தரவு எந்த நேரத்துக்கானது, வரிசை எண் என்ன, அடுத்த மாற்றங்களை எந்த முகவரியில் எடுக்க வேண்டும். பைஆஸ்மியம் தொகுப்பிலுள்ள புதுப்பிப்பு நிரல் இந்த மூன்றையும் படித்துத் தானே மாற்றங்களை இறக்கிக் கோப்போடு சேர்த்துவிடும். நாமோ கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுகிறோம், நமக்கு வேண்டிய மாவட்டத்தை மட்டும் வெட்டி எடுக்கிறோம். இந்தப் படிகளில் அந்தக் குறிப்புகள் உதிர்ந்துபோகக்கூடும். பிறகு நகல் இருக்கும், அது எந்த நாளுடையது என்ற பதில் இருக்காது. ஆஸ்மியம் என்ற கருவியின் கோப்புத் தகவல் கட்டளை தலைப்பைத் திறந்து காட்டும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறிப்புகள் தொலைந்திருந்தால், தரவிலுள்ள மிகப் பிந்தைய திருத்தத்தின் நேரத்தை எடுத்து, அதற்குச் சில மணி நேரம் முன்னிருந்து மாற்றங்களைத் தொடங்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் பதிப்பு எண் இருப்பதால், ஒரே மாற்றம் இரண்டு முறை வந்தாலும் கடைசிப் பதிப்பே நிற்கும். விடுபடுவதுதான் ஆபத்து, திரும்ப வருவது அல்ல.

மூன்றாவது கதவு வெட்டும் எல்லை. தென் மண்டலக் கோப்பை எடுத்துவிட்டு, அதன் மேல் உலகம் முழுவதற்குமான நிமிட மாற்றங்களைச் சேர்த்தால், பெருவில் வரைந்த கட்டடமும் போலந்தில் திருத்திய கடையும் உங்கள் டேட்டாபேஸில் வந்து உட்காரும். சில வாரங்களில் அது தென்னிந்தியாவும் இல்லாத, உலகமும் இல்லாத ஒரு கலவையாகிவிடும். பகுதிக் கோப்பை எங்கிருந்து எடுத்தீர்களோ, அங்கிருந்து வரும் அதே பகுதிக்கான மாற்றக் கோப்புகளையே சேர்க்க வேண்டும். நிமிட வேகம் உண்மையிலேயே தேவைப்பட்டால், சேர்த்து முடித்ததும் எல்லைக்கு வெளியே உள்ளதை மறுபடி வெட்டிக் கழிக்கும் படி ஒன்று இருக்க வேண்டும். இதையும் முன்கூட்டியே திட்டமிட்டால்தான் உண்டு.

எந்த வேகம் போதும்

நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம் கிடைக்கும்போது ஏன் நாளுக்கு ஒருமுறை என்று தாமதிக்க வேண்டும்? வேகத்தைத் தொழில்நுட்பம் எவ்வளவு தருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரவை வாங்கி வேலை செய்யும் கடைசிக் கண்ணி எவ்வளவு வேகமாக மாற முடியும் என்று பாருங்கள். வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்ஆர்எம் போன்ற நிரல் சாலைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. மாற்றக் கோப்பை வாங்கி ஒரு சாலையை மட்டும் திருத்த அதற்குத் தெரியாது. புதிய தரவு என்றால் முழுக் கணக்கும் மறுபடி. அப்படியிருக்க, அதன் பின்னே இருக்கும் டேட்டாபேஸை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதில் பயனில்லை. நாளுக்கு ஒருமுறை கோப்பைப் புதுப்பித்துக் கணக்கிட்டு, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதே பொருத்தம். முகவரி தேடும் நாமினாட்டிம் மாற்றக் கோப்புகளை வாங்கிக்கொள்ளும். அதற்குத் தினசரி அல்லது மணிக்கணக்கு சரி. வரைபடத் துண்டுகளைப் படமாக்கித் தரும் சர்வரில், மாற்றம் பட்ட துண்டுகளின் பட்டியலை ஏற்றும் நிரலே எழுதித் தரும். அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பழைய துண்டுகளை ஒதுக்காவிட்டால், டேட்டாபேஸ் புதிதாக இருந்தும் பயனர் பார்க்கும் படம் பழையதாகவே இருக்கும். புதுப்பித்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் செய்யும் திருத்தத் தொகுப்பு 24 மணி நேரம் வரை திறந்திருக்கலாம். அதில் 10,000 பொருள்கள் வரை மாறலாம். நிமிடக் கோப்பு அவர் வேலையின் பாதியைப் பிடித்துக் காட்டக்கூடும்: பழைய சாலையை நீக்கியிருப்பார், புதியதை இன்னும் வரைந்திருக்க மாட்டார். வழி கண்டுபிடிக்கும் சேவைக்கு அந்த இடைவெளி ஒரு முறிந்த சாலை. நிமிட வேகம் பேரிடர் நேரத்துக்கு உரியது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, அதுவரை பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்த போர்ட்டோபிரின்ஸ் நகரைத் தன்னார்வலர்கள் சில நாட்களில் வரைந்து நிரப்பினார்கள். மீட்புக் குழுக்களின் ஜிபிஎஸ் கருவிகளில் அந்தத் தரவு ஏறியது. ஒரு மணி நேரப் பழமைகூட அங்கே பொருட்படுத்த வேண்டியதாக இருந்தது. உங்கள் வேலை அப்படிப்பட்டதாக இருந்தால் நிமிட வேகத்துக்குத் தயாராகுங்கள். இல்லையென்றால் தினசரி போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பகுதிக் கோப்பு சில நூறு எம்பிதான். மாற்றக் கோப்பு, வரிசை எண், இடைநிலை அட்டவணை என்று இத்தனை சிக்கல் எதற்கு? வாரம் ஒருமுறை முழுக் கோப்பையும் இறக்கி மறுபடி ஏற்றிவிட்டால் தீர்ந்ததே? சிறிய பகுதிக்கு, வாரப் பழமை பொறுக்கக்கூடிய வேலைக்கு, இதுவே சிறந்த வழி. இதில் சேர்ந்துவரும் பிழை இல்லை, விடுபட்ட மாற்றம் இல்லை. டிராப் விருப்பத்தையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இதுவும் ஒரு புதுப்பிக்கும் வழிதான். முன்கூட்டியே தீர்மானித்ததாக இருந்தால் போதும். ஒரு நிபந்தனை உண்டு. புதிய தரவை வேறு டேட்டாபேஸில் ஏற்றி, சரிபார்த்து, அதன்பின் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருப்பதன் மேலேயே ஏற்றினால், நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. அதற்கு இரு மடங்கு டிஸ்க் இடம் வேண்டும்; அதையும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். மாற்றக் கோப்பு வழியில் போகிறவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு மறுஏற்றம் செய்வது நல்லது. தொடர்ந்து அழித்து எழுதப்படும் அட்டவணைகளும் குறியீடுகளும் போஸ்ட்கிரெஸில் உப்பிப்போகும். எங்கோ விடுபட்ட ஒரு மாற்றம் ஓசையில்லாமல் தங்கியிருக்கும். மறுஏற்றம் இரண்டையும் தீர்க்கும். நீண்ட நாள் கைவிட்ட கோப்பைப் பிடித்து இழுப்பதைவிடப் புதிதாக எடுப்பது மேல். பைஆஸ்மியத்தின் புதுப்பிப்பு நிரலே மூன்று மாதத்துக்கு மேல் பழைய கோப்பைக் கண்டால், புதியதை இறக்கச் சொல்லி நின்றுவிடும்.

புதியதோடு பாழானதும் வருமா

கவனத்தோடு பதில் சொல்ல வேண்டிய மறுப்பு இது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற தரவில் விஷமத் திருத்தமும் வரும். அடிக்கடி புதுப்பித்தால் அது நம் வரைபடத்திலும் வந்துவிடுமே, சரிபார்த்த ஒரு நகலை அப்படியே வைத்திருப்பது பாதுகாப்பல்லவா என்பது கேள்வி. 2018 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்தது இதற்கு விடை தரும். ஆகஸ்ட் 10 அன்று ஒருவர் அந்த நகரின் பெயரை யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லாக மாற்றினார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கண்டு பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தத் தரவை நகலெடுத்துப் பரிசோதித்து வெளியிடும் மேப்பாக்ஸ் நிறுவனத்தின் வரைபடத்தில், மனிதத் தவறால் அந்தப் பெயர் நழுவி உள்ளே வந்து, ஆகஸ்ட் 30 அன்று ஸ்னாப்சாட் போன்ற செயலிகளில் பொதுமக்கள் கண்ணில் பட்டது. மூலத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே ஆறிய புண், நகலில் புதிதாகத் திறந்தது. நிறுத்திவைப்பது மட்டும் பாதுகாப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கெட்ட கணத்தில் எடுத்த நகல், அடுத்து எடுக்கும் வரை கெட்டதாகவே இருக்கும். திருத்தத்தைத் திருத்தியதும் இன்னொரு மாற்றமாகத்தான் வருகிறது. மாற்றங்களைத் தொடர்ந்து வாங்குகிறவருக்கே அது வந்து சேரும்.

பரிசோதனை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். வாயிலில் பரிசோதனை வையுங்கள், அதன் பின்னால் ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரங்கள், பெரிய ஆறுகள், தேசிய நெடுஞ்சாலைகள் ஆகியவற்றின் பெயர்கள் ஒரே நாளில் மாறியிருந்தால் கொடி காட்டும் சிறு நிரல் ஒன்று எழுதுவது கடினமல்ல. தமிழ்நாட்டில் அப்படிக் கொடி காட்டப்படும் மாற்றம் எல்லாமே விஷமமாக இருக்காது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. இப்படிப்பட்ட வாரத்தில் ஊர்ப் பெயர்கள் கூட்டமாக மாறுவதும் மறுபடி திரும்புவதும் நேர்மையான வேலையாகவே இருக்கலாம். மனிதக் கண் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு நாட்கணக்கில் தேங்காமல் அன்றன்றே எடுக்கப்பட வேண்டும்.

இதற்கு அடுத்து வருவது, எங்கள் ஊரில் அப்படி என்ன மாறுகிறது என்ற கேள்வி. 2019இல் மட்டும் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து புதிய மாவட்டங்கள் உருவாயின. அடுத்த ஆண்டு மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆயின. மாவட்ட வாரியாகக் கணக்கெடுக்கும் எந்த வேலைக்கும் இந்த எல்லைகள் அடிப்படை. நிலம் மாறாத இடத்திலும் தரவு வளர்கிறது. நேற்று ஆங்கிலப் பெயர் மட்டுமே இருந்த கிராமத்துக்கு இன்று ஒருவர் தமிழ்ப் பெயரைச் சேர்க்கிறார். தெருக்களே இல்லாத பேரூராட்சியில் ஒரு மாணவர் குழு தெருக்களை வரைகிறது. தமிழில் வரைபடம் காட்ட விரும்புகிறவருக்கு இந்த வளர்ச்சிதான் முக்கியம். ஊர் மாறாவிட்டாலும் ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறிக்கொண்டிருக்கிறது.

நம் திருத்தங்களை எங்கே வைப்பது

நகலில் ஒரு பிழை கண்டதும் டேட்டாபேஸிலேயே திருத்திவிடக் கை துறுதுறுக்கும். அதைச் செய்யவே கூடாது. அடுத்த மாற்றம் அந்தப் பொருளைத் தொட்டதும் உங்கள் திருத்தம் அழிந்துவிடும்; தொடாவிட்டால், மூலத்துக்கும் நகலுக்கும் இடையில் யாருக்கும் தெரியாத முரண்பாடாக நீடிக்கும். இப்படிக் கைவைத்த டேட்டாபேஸைப் பிறகு மறுஏற்றம் செய்யப் பயந்தே பலர் புதுப்பிப்பை நிறுத்திவிடுகிறார்கள். பொதுவுக்குப் பயன்படும் திருத்தம் என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே செய்யுங்கள்; மறுநாள் அது உங்களுக்கே மாற்றக் கோப்பில் திரும்பி வரும், மற்றவருக்கும் போகும். பொதுவில் இடமில்லாத தகவல்கள், உங்கள் வாடிக்கையாளர் குறிப்பு, உள் வழித்தடம் போன்றவை, தனி அட்டவணையில் தனி அடுக்காக இருக்கட்டும். அவற்றை வரைபடப் பொருளோடு இணைக்க அடையாள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சாலையை யாராவது இரண்டாக வெட்டினால் ஒரு பாதிக்குப் புதிய எண் வந்துவிடும். கடையைப் புள்ளியிலிருந்து கட்டடமாக மாற்றினாலும் எண் மாறும். எண்ணோடு இருப்பிடமும் பெயரும் சேர்த்து வைத்தால், எண் தவறினாலும் கண்டுபிடிக்க முடியும்.

நாட்டின் எல்லைக்கோடு இந்த வகையில் தனிக் கவனம் பெற வேண்டியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் களத்தில் யார் நிர்வகிக்கிறார் என்பதன்படி எல்லைகளைக் குறிக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத எல்லைகளுடன் இந்திய வரைபடம் வெளியிடுவதை 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆகவே இந்தியாவில் வரைபடம் வெளியிடுகிறவர்கள் எல்லையை மட்டும் நகலிலிருந்து எடுக்காமல், முறையான எல்லையைத் தனி அடுக்காக வைத்துக்கொள்வது நல்லது. அப்போது தினமும் தரவு புதுப்பிக்கப்பட்டாலும் எல்லை அசையாது. எது மாறிக்கொண்டே இருக்க வேண்டும், எது மாறவே கூடாது என்பதைப் பிரித்துவைத்தால்தான் அச்சமில்லாமல் புதுப்பிக்க முடியும்.

நின்றது தெரிய வேண்டும்

தானாக நடக்கும் புதுப்பிப்பு தானாகவே நின்றும் போகும். டிஸ்க் நிரம்பும், மாற்றக் கோப்பின் முகவரி மாறும், கடவுச்சொல் காலாவதியாகும். முதல் பத்தியில் சொன்னபடி, வரைபடம் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே கண்காணிக்க வேண்டியது ஒன்றே: நம் நகலின் நேரக் குறிப்புக்கும் இப்போதைய நேரத்துக்கும் இடையே உள்ள தூரம். ஓஎஸ்எம்2பிஜிஎஸ்கியூஎல்லோடு வரும் புதுப்பிப்பு நிரல் இந்த நிலையைக் கேட்டால் சொல்லும். தினசரி வழியில் இரண்டு நாளுக்கு மேல் தூரம் போனால் பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி போகட்டும். நிரல் ஓடியதா என்று பார்ப்பது போதாது. ஒன்றும் கிடைக்காமலே வெற்றிகரமாக ஓடி முடிக்கும் நிரல்கள் உண்டு. தரவு நகர்ந்ததா என்று பாருங்கள். அந்தத் தேதியை வரைபடத்தின் மூலையில், பங்களிப்பாளர்களுக்கான நன்றி வரியின் பக்கத்திலேயே பயனருக்கும் காட்டுங்கள். எந்த நாளைய தரவை நம்புகிறோம் என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு. உங்கள் கண்காணிப்பு தவறினாலும் அவர் கண்ணில் படும்.

நகல் எடுக்கும் முன் ஒரு தாளில் ஐந்து பதில்களை எழுதிவையுங்கள். எந்தப் பகுதி, எந்த முகவரியிலிருந்து எடுக்கிறோம். முழு மறுஏற்றமா, மாற்றக் கோப்பா. எத்தனை நாள் பழமை பொறுக்கலாம். சொந்தத் திருத்தங்கள் எந்த அடுக்கில் இருக்கும். நின்றுபோனால் யாருக்குத் தெரியவரும். இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால், ஸ்லிம் வேண்டுமா, எவ்வளவு டிஸ்க் ஒதுக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தானே வந்துவிடும். பதில் இல்லாவிட்டால் இன்று இறக்க வேண்டாம். தரவு நாளையும் அங்கேயே இருக்கும், இன்றைவிடச் சற்றுத் திருந்தியதாகவே இருக்கும்.